ஒரே ஸஃப், வெவ்வேறு கட்டங்கள்

(அறக்கட்டளையின் மாதாந்திரச் சமூக நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

 

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிச் சொல்லுங்கள் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது, சாதி என்று கேட்டால் என்ன எழுதுவது, எதையும் சொல்லாமல் விட்டால் என்ன என்று பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன், அமெரிக்காவில் உள்ள ஒரு சின்ன ஊரைப் பற்றி உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். கணக்கெடுப்புப் படிவத்தில் உள்ள கட்டங்கள் மனிதர்களை எப்படிப் பிரிக்கின்றன, எப்படி மறைக்கின்றன, சில சமயம் எப்படி உரிமை வாங்கித் தருகின்றன என்பதையெல்லாம் அந்த ஓர் ஊரிலேயே பார்த்துவிடலாம்.

ஐந்து சதுர கிலோமீட்டருக்குள் ஓர் உலகம்

அந்த ஊரின் பெயர் ஹாம்ட்ராமிக். மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. பரப்பளவு ஐந்து சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய நாலாபுறமும் டெட்ராய்ட் பெருநகரம் சூழ்ந்திருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 28,433. நம் நாட்டுக் கணக்கில் ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1910-இல் டாட்ஜ் சகோதரர்கள் அங்கே மோட்டார் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 3,559. பத்தே ஆண்டுகளில், 1920-இல், அது 48,615 ஆகிவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் போலந்து நாட்டு ஏழை விவசாயிகள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அவர்கள் தேவாலயம் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், இனிப்புக் கடை வைத்தார்கள். அவர்களுடைய நோன்புக் காலம் தொடங்குவதற்கு முன் சாப்பிடும் ஒருவகை எண்ணெய்ப் பலகாரத்திற்கு இன்றும் அந்த ஊரில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். போலந்தில் பிறந்த போப் இரண்டாம் ஜான் பால் 1987-இல் அந்த ஊருக்கே வந்தார் என்றால், அவர்கள் எவ்வளவு வேரூன்றியிருந்தார்கள் என்று தெரியும்.

1980-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. வசதியானவர்கள் வெளியேறினார்கள், வீட்டு விலை விழுந்தது. அந்த மலிவான வீடுகளுக்கு ஏமன் நாட்டவர்களும் வங்காளதேசத்தவர்களும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1990-களில் போரிலிருந்து தப்பிய போஸ்னிய முஸ்லிம்கள் வந்தார்கள். கறுப்பின அமெரிக்கர்கள் பல தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள். இவர்களெல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய ஹாம்ட்ராமிக். போலந்துக் கடைக்குப் பக்கத்தில் ஹலால் இறைச்சிக் கடை, அதற்கு எதிரே வங்காளத் துணிக்கடை.

2015 நவம்பரில் அங்கே நடந்த தேர்தலில், ஆறு பேர் கொண்ட நகரசபையில் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆனார்கள். அமெரிக்காவில் அதுவே முதல் முறை என்று செய்தித்தாள்கள் எழுதின. 2021 தேர்தலில் ஏமனில் பிறந்த ஒருவர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுவரை சுமார் நூறு ஆண்டுகள் போலந்து வம்சாவளியினரே அந்த நாற்காலியில் இருந்தார்கள்.

கட்டத்திற்குள் மறைந்தவர்கள்

இப்போது இந்த ஊரைப் பற்றி அமெரிக்கக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஊரில் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர் வெள்ளையர், 21 பேருக்கு மேல் ஆசியர், 19 பேர் கறுப்பினத்தவர்.

இதைப் படிப்பவருக்கு என்ன தோன்றும்? பாதிக்கு மேல் வெள்ளையர்கள், ஆகவே இது வழக்கமான ஓர் அமெரிக்க ஊர் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 54 பேருக்குள் போலந்துக்காரர், போஸ்னியர், ஏமன் நாட்டு அரபி எல்லோரும் இருக்கிறார்கள். ஐரோப்பா, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் எல்லோரும் வெள்ளையர் என்பது 2024 வரை அமெரிக்க அரசின் வரையறையாக இருந்தது. ஏமனிலிருந்து போன வருடம் வந்து, ஆங்கிலம் தெரியாமல், இரவு ஷிஃப்டில் வேலை செய்பவரும் வெள்ளையர். நான்கு தலைமுறைக்கு முன் வந்த போலந்து வம்சத்து வக்கீலும் வெள்ளையர். வங்காளதேசத்தவர் ஆசியர். கறுப்பின முஸ்லிம் கறுப்பர்.

மதத்தைக் கேட்கலாமே என்பீர்கள். அங்கே கணக்கெடுப்பில் மதம் பற்றிய தகவலைத் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976-இல் சட்டமே இயற்றிவிட்டார்கள். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. ஹாம்ட்ராமிக்கில் முஸ்லிம்கள் பாதிக்கு மேல் என்று நாம் படிப்பதெல்லாம் மதிப்பீடுதான், அரசு எண்ணிச் சொன்ன கணக்கு இல்லை.

ஆக, வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் உரசி நிற்கும் நான்கு பேர், படிவத்தில் மூன்று கட்டங்களில் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரே கட்டத்தில் இருக்கும் இரண்டு பேருக்கோ ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

அன்று வெள்ளையர் இல்லை, இன்று வெள்ளையர்

இந்தக் கட்டங்கள் வானத்திலிருந்து இறங்கியவையா? இல்லை. மனிதர்கள் போட்டவை. அடிக்கடி மாற்றியவை.

1790-இல் அமெரிக்கா தன் முதல் குடியுரிமைச் சட்டத்தில், வெளிநாட்டில் பிறந்தவர்களில் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்று எழுதியது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சத்தவரையும் சேர்த்தது. இந்த இரண்டிலும் அடங்காதவர் என்ன செய்வார்? நீதிமன்றத்திற்குப் போய் “நானும் வெள்ளையன்தான்” என்று வாதாட வேண்டியிருந்தது.

1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாப் சீக்கியரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இந்தியர்களின் இனம் என்று எதை வைத்திருந்தார்கள் தெரியுமா? “இந்து” என்று வைத்திருந்தார்கள். மதம் எதுவானாலும் இனம் இந்து! அந்தக் காலத்தில் கப்பல் தொழிலாளிகளாக வந்து, கரையில் இறங்கி, டெட்ராய்ட் மோட்டார் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த வங்காள முஸ்லிம்கள் இருந்தார்கள். ஐவேளை தொழுபவராக இருந்தாலும் அரசாங்க ஏட்டில் அவர் இனம் இந்துதான். பிறகு 1970-இல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980-இல் எடுத்து ஆசியர் கணக்கில் வைத்தார்கள். ஆள் மாறவில்லை, கட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

அரபிகளின் கதை இதைவிட வேதனை. 1942-இல் ஏமனைச் சேர்ந்த அஹ்மத் ஹசன் என்பவர் குடியுரிமை கேட்டு டெட்ராய்ட் நீதிமன்றத்திற்குப் போனார். நீதிபதி மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று தோலின் நிறம். இன்னொன்று, இவர்கள் முஸ்லிம் உலகத்தைச் சேர்ந்தவர்கள், ஐரோப்பியக் கிறிஸ்தவர்களோடு கலந்து வாழக்கூடியவர்கள் அல்ல என்பது. இரண்டே ஆண்டில், 1944-இல், மாசசூசெட்ஸில் வேறொரு நீதிபதி இன்னோர் அரபி முஸ்லிமுக்கு வெள்ளையர் என்ற முறையில் குடியுரிமை கொடுத்தார். 1952-இல்தான் இனத்தைப் பார்த்துக் குடியுரிமை தரும் முறை முற்றாக ஒழிந்தது.

டெட்ராய்டில் 1942-இல் வெள்ளையர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஏமன்காரரின் நாட்டவர்கள், அதே டெட்ராய்டின் நடுவில் இருக்கும் ஹாம்ட்ராமிக்கில் இன்று வெள்ளையர் என்று எண்ணப்படுகிறார்கள்.

ஓட்டுச்சாவடியில் தெரிந்த நிறம்

ஏட்டில் வெள்ளையர் என்று எழுதியதால் ஏமன் மக்களுக்கு வெள்ளையரின் மரியாதை கிடைத்ததா? 1999 நவம்பர் தேர்தலில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு குழுவினர் ஹாம்ட்ராமிக் ஓட்டுச்சாவடிகளில் நின்றுகொண்டு, அரபிப் பெயர் உள்ளவர்களையும் கறுத்த நிறம் உள்ளவர்களையும் பார்த்து, இவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தானா என்று ஆட்சேபம் எழுப்பினார்கள். தேர்தல் அதிகாரிகளும் அதை ஏற்று, ஓட்டுப்போட வந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் “நான் குடிமகன்” என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். பாஸ்போர்ட் காட்டியவர்களிடமும் கேட்டார்கள். மத்திய நீதித்துறை 2000-இல் வழக்குத் தொடுத்தது. நகர நிர்வாகம் இனி இப்படி நடக்காது என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டியதாயிற்று.

அடுத்தது மொழி. ஒரு சிறுபான்மை மொழியினரில் ஆங்கிலம் சரியாகத் தெரியாத வாக்காளர்கள் ஓர் ஊரில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால், அவர்கள் மொழியிலும் ஓட்டுச்சீட்டு தர வேண்டும் என்பது அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு. அந்த விகிதத்தைக் கணக்கெடுப்பு அலுவலகம்தான் கணக்கிடுகிறது. 2011-இல் அந்தக் கணக்கின்படி ஹாம்ட்ராமிக்கில் வங்காள மொழியில் ஓட்டுச்சீட்டு தர வேண்டும் என்று ஆணை வந்தது. எழுத்தறிவு குறைந்த பெரியவர்களும், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்களும் தாய்மொழியில் படித்து ஓட்டுப்போட வழி பிறந்தது.

அரபிக்கு? இல்லை. அந்தச் சட்டப்பிரிவு ஆசியர், அமெரிக்கப் பூர்வகுடிகள், அலாஸ்கா பூர்வகுடிகள், ஸ்பானிய வழியினர் ஆகியோருக்கு மட்டும்தான். ஏமன்காரர் வெள்ளையர் கட்டத்தில் இருக்கிறாரே! ஒரே தெருவில் வங்காளத்துத் தாய்க்குக் கிடைத்த சட்ட உரிமை ஏமன் நாட்டுத் தாய்க்குக் கிடைக்கவில்லை. பக்கத்து நகரமான டியர்போர்ன், அரபிகள் நிறைந்த ஊர், 2022-இல் தன் சொந்தத் தீர்மானத்தின் மூலம் அரபியில் ஓட்டுச்சீட்டு தர முடிவு செய்தது. ஊர் மனம் வைத்தால் கிடைக்கும், வைக்காவிட்டால் இல்லை. சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அரபு அமெரிக்க அமைப்புகள் பல ஆண்டுகள் விடாமல் கோரிக்கை வைத்தன. 2024 மார்ச்சில், “மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கர்” என்ற தனிக் கட்டத்தைச் சேர்ப்பதாக அமெரிக்க அரசு அறிவித்தது. அஹ்மத் ஹசனுக்கு மறுப்பு வந்து 82 ஆண்டுகள் கழித்து!

எண்ணிக்கை வந்த பிறகு

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹாம்ட்ராமிக்கின் கறுப்பின மக்களைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. 1960-களில், ஊரைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை நகர நிர்வாகம் இடித்தது. 1968-இல் அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். கறுப்பின மக்களை வேண்டுமென்றே ஊரைவிட்டு வெளியேற்றியிருக்கிறார்கள் என்று 1971-இல் நீதிபதி டேமன் கீத் தீர்ப்பளித்தார். ஈடாக வீடு கட்டித் தர 1980-இல் உடன்பாடு ஏற்பட்டது. கடைசி வீடுகள் எழும்புவதற்கு வழக்குப் போட்ட நாளிலிருந்து நாற்பது ஆண்டுகளாயின. கேட்டவர்களில் பலர் அதற்குள் மவுத்தாகிவிட்டார்கள்.

இதைச் செய்த நிர்வாகம் யாருடையது? ஒரு காலத்தில் ஏழைகளாக, மொழி தெரியாதவர்களாக, மற்றவர்களால் இளக்காரமாகப் பார்க்கப்பட்டு அந்த ஊருக்கு வந்தவர்களின் பிள்ளைகளுடையது. அவதிப்பட்டு வந்தவர்கள் அதிகாரம் வந்ததும் அடுத்தவரை அவதிப்படுத்த மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

2004-இல் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி வழியே பாங்கு சொல்ல அனுமதி கேட்டபோது பெரிய சர்ச்சை எழுந்தது. நகரசபை அனுமதித்தது. எதிர்ப்பாளர்கள் ஊர்மக்கள் ஓட்டெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நடந்த ஓட்டெடுப்பிலும் அனுமதி நிலைத்தது. அப்போது நகரசபையிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மை இல்லை, வாக்காளர்களிலும் இல்லை. அப்படியானால் பாங்குக்காக ஓட்டுப்போட்டவர்களில் பிற சமயத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2022 ஜனவரியில் பதவியேற்ற நகரசபையில் ஆறு உறுப்பினர்களும் முஸ்லிம்கள். மறு ஆண்டு, நகரத்துக் கட்டடங்களில் எந்தக் கொடிகளைப் பறக்கவிடலாம் என்று அந்தச் சபை போட்ட தீர்மானத்தால் ஊரில் கசப்பு ஏற்பட்டது. பாங்குக்காகத் தோள் கொடுத்த சிலர் மனம் நொந்து பேசினார்கள். அந்தத் தீர்மானம் சரியா தவறா என்ற விவாதத்திற்குள் நான் போகவில்லை. சிறுபான்மையாக இருந்தபோது கிடைத்த நியாயத்தைப் பெரும்பான்மையான பிறகும் நினைவில் வைத்திருப்பது கடினமான சோதனை. அது அவர்களுக்கு மட்டும் வரும் சோதனை இல்லை. நம் வார்டில், நம் தெருவில், நம் ஜமாஅத்திலேயே வரும்.

நம் வீட்டுக்கு வரும் படிவம்

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் மதத்தைக் கேட்பதில்லை, இனத்தைக் கேட்கிறார்கள். நம் நாட்டில் மதத்தைக் கேட்கிறார்கள். அதனால்தான் தமிழ்நாட்டில் 2011-இல் முஸ்லிம்கள் 42 லட்சத்து 29 ஆயிரம் பேர், நூற்றுக்கு 5.86 என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆனால் அதற்குள் யார் யார் என்பது அதில் தெரியாது. சாதிவாரியாக முழுமையாக எண்ணி வெளியிட்டது 1931-இல் வெள்ளையர் ஆட்சியில்தான். வரும் கணக்கெடுப்பில் சாதி பற்றிய கேள்வியும் இருக்கும் என்று மத்திய அரசு அறிவித்துள்ளது.

இங்கேதான் நம் இளைஞர்கள் கேட்கிறார்கள்: “இஸ்லாத்தில் சாதி கிடையாதே, நாம் ஏன் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்?” நல்ல கேள்வி. உயர்வு தாழ்வு பேசும் சாதி இஸ்லாத்தில் இல்லை, சந்தேகமே வேண்டாம். ஆனால் பெயரும் வேரும் இல்லை என்று யார் சொன்னது? ஸல்மான் (ரலி) அவர்களை அல்ஃபாரிஸி, பாரசீகர், என்றே அழைத்தார்கள். ஸுஹைப் (ரலி) அவர்களை அர்ரூமி என்றார்கள். பிலால் (ரலி) அவர்களை அல்ஹபஷி என்றார்கள். நபி (ஸல்) அவர்களின் சபையில் அந்தப் பெயர்கள் அழிக்கப்படவில்லை. அந்தப் பெயரால் வந்த இழிவுதான் அழிக்கப்பட்டது. மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்பதும், மேன்மை இறையச்சத்தில்தான் இருக்கிறது என்பதும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 13-ஆம் வசனம் உணர்த்தும் பாடம்.

தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அது முஸ்லிம் என்ற பெயருக்காக மட்டும் வந்ததில்லை. அன்சார், தக்கனி, துதேகுலா, ராவுத்தரையும் மரைக்காயரையும் உள்ளடக்கிய லப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது என்று ஏழு பிரிவுகளைப் பட்டியலிட்டு வந்தது. நாளை யாராவது “இவர்கள் எத்தனை பேர், இவர்களுக்கு எதற்கு இவ்வளவு?” என்று நீதிமன்றத்தில் கேட்டால், பதில் சொல்ல எண்ணிக்கை வேண்டும். ஹாம்ட்ராமிக்கின் ஏமன் மக்களுக்கு அந்த எண்ணிக்கை இல்லாமல் போனதால் எதை இழந்தார்கள் என்று பார்த்தோம்.

எண்ணுவது நமக்குப் புதிதும் இல்லை. மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகவும், 1,500 பேரை எழுதிக் கொடுத்ததாகவும் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது.

ஆகவே ஜமாஅத்தார் சார்பில் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, கணக்கெடுப்பாளர் வந்தால் கதவைத் திறங்கள். ஆண்கள் வீட்டில் இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டாம். பெண்களே பதில் சொல்லலாம், சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டில் உள்ள எல்லோரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறந்து பத்து நாளான பிள்ளையை, படுக்கையில் இருக்கும் பாட்டியை, விதவையாகி வந்து தங்கியிருக்கும் தங்கையை, மாற்றுத்திறனாளிப் பிள்ளையை மறைக்கவோ மறக்கவோ வேண்டாம். அதே போல வளைகுடாவில் இருக்கும் மகனை இங்கே இருப்பதாகச் சொல்லிக் கூட்டவும் வேண்டாம். குறைத்துச் சொல்வதும் பொய், கூட்டிச் சொல்வதும் பொய்.

மூன்றாவது, மதம் என்றால் இஸ்லாம். சாதி என்றால் உங்கள் சாதிச் சான்றிதழில் உள்ள பெயர். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பெயரும் தம்பி ஒரு பெயரும் சொல்ல வேண்டாம். அந்தஸ்து கூடும் என்று இல்லாத பெயரைச் சேர்க்கவும் வேண்டாம். தாய்மொழி தமிழா உருதுவா என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள்.

நான்காவது, பயப்பட வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனி மனிதர் தரும் தகவலை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வெளிவரும்.

ஐந்தாவது, இது எனக்கு முக்கியமானது. நம் தெருவிலேயே எண்ணிக்கையிலிருந்து விடுபடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பாலத்தடியில் தங்கியிருப்பவர்கள், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலப் பிள்ளைகள், இருளர் குடும்பங்கள். அவர்கள் எந்த மதமாக இருந்தாலும், கணக்கெடுப்பாளரை அங்கே அழைத்துப் போய்க் காட்டுவது நம் இளைஞர் அணியின் வேலையாக இருக்கட்டும். நம் தலையை எண்ணச் சொல்லும்போது பக்கத்து வீட்டான் தலை விடுபட்டுப் போனால் நமக்கென்ன என்று இருப்பது முஸ்லிமுக்கு அழகில்லை.

ஸஃப்பில் நிற்கும்போது ஒன்றாக நிற்போம். படிவத்தில் உண்மையை எழுதுவோம். எண்ணிக்கை தரும் உரிமையை வாங்குவோம், அதே உரிமையை மற்றவருக்கும் வாங்கித் தருவோம். அதற்குரிய நேர்மையையும் விசாலமான உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.